பதினெட்டு சைபர்: ஈதருக்கு உறை போடும் ஏஜென்ட்



இந்த வருஷம் ஃபைனல் இயர் புராஜெக்ட் தலைப்புகளைப் பார்த்தால் பாதிப் பேர் "பிளாக்செயின்" என்கிறார்கள், மீதிப் பேர் "ஏ.ஐ. ஏஜென்ட்" என்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யக்கூடிய வேலைகளில் ரொம்பச் சின்னது எது என்று என்னைக் கேட்டால், ஈதருக்கு உறை போடுவது என்பேன். 'ராப்பிங்' என்று சொல்கிறார்களே, அதுதான். சின்ன வேலைதான். ஆனால் பணத்தைத் தொடுகிற ஒரு கருவியைப் பேசும் இயந்திரத்தின் கையில் கொடுத்தால் என்னென்ன ஆகும் என்பதை இந்த ஒரு வேலையிலேயே பார்த்துவிடலாம். எலக்ட்ரிகல் லேபிலும் ஃபியூஸைப் பற்றிச் சொன்ன பிறகுதானே மோட்டார் பக்கம் விட்டார்கள்!

முதலில், காசுக்கு எதற்கு உறை?

எத்தீரியம் என்ற வலையமைப்பு ஓட ஆரம்பித்தது 2015 ஜூலை 30-ல். அதன் சொந்தக் காசு ஈதர். யார் கணக்கில் எவ்வளவு ஈதர் இருக்கிறது என்பதை வலையமைப்பே தன் அடிப்படைப் பதிவில் வைத்துக்கொள்கிறது. அதன் மேல் அவரவர் தனித்தனி டோக்கன்களை வெளியிடலாம் என்றபோது, எல்லா டோக்கனும் ஒரே மாதிரி நடந்துகொள்ள ஒரு விதிமுறை தேவைப்பட்டது. அப்படி 2015 நவம்பரில் முன்மொழியப்பட்டதுதான் இ.ஆர்.சி.-20. தேதியைக் கவனித்தீர்களா? ஈதர் ஜூலையில் வந்துவிட்டது, விதிமுறை நவம்பரில் வருகிறது. பையன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து நாலு மாசம் கழித்து யூனிஃபார்ம் அறிவித்த கதைதான். ஊரில் உள்ள டோக்கனெல்லாம் யூனிஃபார்மில் வருகிறது, மூத்த பிள்ளை ஈதர் மட்டும் கலர் சட்டையில் நிற்கிறது.

நின்றால் என்ன குடி முழுகிப் போச்சு என்று கேட்கலாம். ஒரு ஏலத்தை எடுத்துக்கொள்வோம். நான் ஒரு பொருளுக்கு விலை கேட்கிறேன். விற்பவர் நாளைக்கோ மறுநாளோ சம்மதிக்கலாம், சம்மதிக்காமலும் போகலாம். அதுவரை பணம் என்னிடமே இருக்க வேண்டும். அவர் சரி என்ற நிமிஷம், நான் தூங்கிக்கொண்டிருந்தாலும், ஏல நிரல் என் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். இ.ஆர்.சி.-20 டோக்கனில் இதற்கு வழி உண்டு. 'அப்ரூவ்' என்று ஒரு கட்டளையால் முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிடலாம். பிறகு 'டிரான்ஸ்ஃபர் ஃப்ரம்' என்ற கட்டளையால் மற்றவர் எடுத்துக்கொள்வார். ஈதரில் இது கிடையாது. ஈதரை நாமாக அனுப்பினால்தான் போகும், யாரும் வந்து எடுக்க முடியாது. அதனால்தான் என்.எஃப்.டி. சந்தைகளில் விலை கேட்பவர்கள் ஈதருக்குப் பதில் உறை போட்ட ஈதரில் கேட்கிறார்கள். யூனிஸ்வாப் என்ற பரிமாற்றச் சந்தையும் 2018-ல் வந்த முதல் பதிப்பில் ஈதரை நேராகவே வாங்கிப் பார்த்தது, 2020-ல் இரண்டாம் பதிப்பில் உறை போட்டதற்கு மாறியது, 2025-ல் நான்காம் பதிப்பில் மறுபடி நேர் ஈதரையும் சேர்த்துக்கொண்டது. சுற்றிச் சுற்றிச் சுப்பன் கொல்லையிலேதான்!

உறை போடுவது என்றால் என்ன? பொருட்காட்சியில் வாசல் கவுண்ட்டரில் ரூபாயைக் கட்டி டோக்கன் வாங்குவோம் அல்லவா? உள்ளே ராட்டினக்காரர் ரூபாய் வாங்க மாட்டார், டோக்கன்தான் வாங்குவார். மிச்ச டோக்கனை வெளியே வரும்போது கொடுத்தால் அதே ரூபாய் திரும்ப வரும். அவ்வளவுதாங்க. ஒரு ஈதரைக் கட்டினால் ஒரு வெத். ஒரு வெத்தைத் திருப்பினால் ஒரு ஈதர். (உறை போட்ட ஈதரின் சுருக்கப் பெயர்தான் வெத்.) வட்டியும் கிடையாது, கமிஷனும் கிடையாது. பரிவர்த்தனை நடத்திக் கொடுப்பதற்கு வலையமைப்பு வாங்கும் 'கேஸ்' கட்டணம் மட்டும் உண்டு.

எத்தீரியத்தில் இந்தக் கவுண்ட்டர் 2017 டிசம்பரில் வைக்கப்பட்டது. அதன் நிரலை ஒரு தடவையாவது எல்லோரும் படித்துப் பார்க்க வேண்டும். வேலை செய்யும் வரிகள் ஒரு ரெக்கார்டு நோட்டின் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும். கீழே ஒட்டியிருக்கும் உரிம வாசகம்தான் அதைவிடப் பல மடங்கு நீளம்! 'டெபாசிட்' என்ற பகுதி, வந்த ஈதரின் அளவை உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளும். 'வித்ட்ரா' என்ற பகுதி, உங்கள் பெயரில் அவ்வளவு இருக்கிறதா என்று பார்த்து, கழித்து, ஈதரைத் திருப்பித் தரும். மொத்தம் எத்தனை வெத் இருக்கிறது என்று கேட்டால் அது தனியாகக் கணக்கு வைத்துச் சொல்வதில்லை, கல்லாவில் இருக்கும் ஈதரை அப்படியே எண்ணிச் சொல்லும். இதற்கு உரிமையாளர் கிடையாது, மேனேஜர் கிடையாது, பூட்டுச் சாவி யாரிடமும் கிடையாது. எனக்கு இதில் பிடித்த விஷயமே அதுதான்.

எல்லா உறையும் இப்படி நம்பகமானதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019-ல் வந்த உறை போட்ட பிட்காயினில், அசல் பிட்காயின் வேறொரு வலையமைப்பில், காப்பாளரிடம் இருக்கிறது. அங்கே நாம் நம்புவது காப்பாளரை. 2022 பிப்ரவரியில் வார்ம்ஹோல் என்ற பாலத்தில் நடந்தது இன்னும் மோசம். ஒரு பக்கம் ஈதரைக் கட்டினால் சொலானா பக்கம் உறை போட்ட ஈதர் வரும் என்ற ஏற்பாட்டில், சரிபார்ப்பில் இருந்த ஓட்டை வழியாக ஒருவர் எதுவுமே கட்டாமல் 1,20,000 டோக்கனை அச்சடித்துக்கொண்டார். அன்றைய மதிப்பில் 30 கோடி டாலருக்கு மேல். வாசல் கவுண்ட்டரில் ரூபாய் வரவில்லை, உள்ளே டோக்கன் மட்டும் மூட்டை மூட்டையாக! பாலத்துக்குப் பின்னால் இருந்த நிறுவனம் தன் கைக்காசைப் போட்டு அதை நிரப்ப வேண்டியிருந்தது. நான் இங்கே பேசுவது ஒரே வலையமைப்புக்குள் நடக்கும் சாதாரண உறையைப் பற்றி மட்டும்.

சரி, இப்போது ஏஜென்ட்டுக்கு வருவோம்.

"மச்சான், ஏ.ஐ.யே வாலட்டைத் திறந்து பணத்தை எடுக்குமா?" என்று என் பெஞ்ச் நண்பன் கேட்டான். எடுக்காது. பாங்கில் சலான் எழுதத் தெரியாத தாத்தாவுக்குப் பக்கத்தில் நிற்கும் காலேஜ் பையன் எழுதிக் கொடுப்பானே, மொழி மாதிரி செய்வது அந்த வேலையைத்தான். என்னென்ன சலான்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் என்னென்ன கட்டங்கள் என்பதை நாம் முன்கூட்டியே அதற்குச் சொல்லி வைக்கிறோம். "0.01 ஈதருக்கு உறை போடு" என்று நாம் சொன்னால், அது சரியான சலானைத் தேர்ந்தெடுத்து, அளவு என்ற கட்டத்தை நிரப்பி நீட்டுகிறது. அதை வாங்கி, கையெழுத்திட்டு, வலையமைப்புக்கு அனுப்புவது நாம் எழுதிய நிரல். கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி நிரலிடம் இருக்கிறது, மாதிரியிடம் இல்லை. ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் 2023 ஜூனில் தன் மாதிரிகளுக்கு இந்தச் சலான் எழுதும் வசதியைக் கொடுத்தது. காயின்பேஸ் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட ஏஜென்ட்கிட் என்ற தொகுப்பில், ஈதருக்கு உறை போடுவதற்கென்றே ஒரு கருவி சேர்ந்திருக்கிறது. நாமே எழுதினாலும் நூறு வரிக்கு மேல் போகாது.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். வெறுமனே உறை மட்டும் போட வேண்டுமென்றால் ஏஜென்ட் தேவையே இல்லை, ஒரு பட்டன் போதும். "அந்தப் பொருளுக்கு 0.05 விலை கேள்" என்று சொன்னால், கையில் வெத் இல்லை, ஈதர்தான் இருக்கிறது, முதலில் உறை போட வேண்டும் என்று அதுவாகக் கண்டுபிடித்து வரிசையாகச் செய்கிறதே, அங்கேதான் ஏஜென்ட்டுக்கு வேலை.

இனி தலைப்பில் சொன்ன சைபர்களுக்கு வருவோம். நிரலுக்குள் ஈதர் என்ற அலகே கிடையாது. எல்லாம் வெய். ஒரு ஈதர் என்பது ஒன்றுக்குப் பின்னால் பதினெட்டு சைபர் போட்ட வெய். 0.01 ஈதர் என்றால் 10000000000000000 வெய். எத்தனை சைபர் என்று எண்ணிப் பாருங்கள். பதினாறு. விரலை வைத்து எண்ணினீர்கள் அல்லவா? மொழி மாதிரிக்கு அந்த விரல் கிடையாது. அது எழுத்துகளைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் படிக்கிறது, நீளமான சைபர் வரிசையில் ஒன்று கூடுவதும் குறைவதும் அதற்குச் சகஜம். ஒரு சைபர் கூடினால் பத்து மடங்கு பணம். இதோடு விட்டதா? எத்தீரியத்தில் 18 என்றால், சொலானாவின் காசுக்கு 9, யு.எஸ்.டி.சி. டாலர் டோக்கனுக்கு 6, உறை போட்ட பிட்காயினுக்கு 8. "சலான் கட்டத்தில் வெய்யில் எழுது" என்று மாதிரியிடம் கேட்பதே தப்பு என்பது என் கட்சி. "0.01" என்று எழுத்துச் சரமாக வாங்கிக்கொண்டு, பெருக்கலை நம் நிரலே செய்ய வேண்டும்.

நம் நிரல் செய்தால் மட்டும் சரியாகிவிடுமா? லேபில் பைத்தானைத் திறந்து 1.1 என்பதைப் பத்தின் பதினெட்டாம் அடுக்கால் பெருக்கி முழு எண்ணாக்கிப் பாருங்கள். 1100000000000000000 வராது, 1100000000000000128 என்று வரும். கம்ப்யூட்டர் புள்ளி எண்ணை இரண்டடிமானத்தில் வைத்திருப்பதால் வரும் பிசிறு அது. 128 வெய்க்கு ஒரு டீ கூட வராது, உண்மைதான். ஆனால் இருப்பில் சரியாக 1.1 வெத் மட்டும் இருந்து, அத்தனையையும் பிரிக்கச் சொன்னால், 128 வெய் போதவில்லை என்று கவுண்ட்டர் திருப்பி அனுப்பிவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டில் சாதாரண எண் பிழையில்லாமல் போகும் எல்லை 9007199254740991. நம் 0.01 ஈதரே அதைத் தாண்டிவிட்டது! அதனால் பைத்தானில் டெசிமல், ஜாவாஸ்கிரிப்ட்டில் பிக் இன்ட். நியூமரிக்கல் மெதட்ஸ் வகுப்பில் பிழையைப் பற்றிப் படித்தது இங்கேதான் உதவுகிறது.

அடுத்தது எந்த வலையமைப்பு என்ற சங்கதி. பயிற்சிக்குப் பேஸ் வலையமைப்பும் அதன் சோதனை வடிவமான பேஸ் செபோலியாவும் வசதியானவை. சோதனை ஈதர் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் முதலாவதன் அடையாள எண் 8453, இரண்டாவதன் எண் 84532. கடைசியில் ஒரு 2 விட்டுப்போனால் விளையாட்டுப் பணம் நிஜப் பணமாகிவிடும். வெத் கவுண்ட்டரின் முகவரியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. 42-ல் தொடங்கி, நடுவில் பூராவும் சைபராக ஓடி, 6-ல் முடியும் அந்த முகவரி இரண்டு இடத்திலும் ஒன்றே. அதனால் வலையமைப்பையும் முகவரியையும் சலானில் கட்டமாகவே வைக்கக்கூடாது, நிரலில் அடித்து வைத்துவிட வேண்டும். கட்டம் இருந்தால்தானே எதையாவது எழுதும்?

கேஸ் கட்டணத்தையும் கவனிக்க வேண்டும். அது ஈதரில்தான், வெத்தில் கட்ட முடியாது. "எல்லாத்துக்கும் உறை போடு" என்று யாராவது சொல்லி, ஏஜென்ட்டும் துடைத்து எடுத்துப் போட்டுவிட்டால், திரும்பப் பிரிப்பதற்கான கட்டணத்துக்கு ஈதர் இருக்காது. பொருட்காட்சிக்குள் டோக்கன் நிறைய இருக்கிறது, வீட்டுக்குப் போக பஸ்ஸுக்குச் சில்லறை இல்லை! ஆகவே இருப்பில் ஒரு பகுதியைத் தொடாமல் ஒதுக்கி வைக்கும் கணக்கும் நிரலுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

"இதையெல்லாம் எதுக்குடா நிரலில் எழுதணும், ஏஜென்ட்டுக்கு அறிவுரையா எழுதிட்டாப் போதாதா?" என்றான் அதே நண்பன். அவனுக்கு நான் சொன்ன கதைதான் ஃபிரேசா.

2024 நவம்பரில் ஃபிரேசா என்ற பெயரில் ஒரு விளையாட்டு நடந்தது. ஒரு ஏ.ஐ. ஏஜென்ட்டிடம் பரிசுப் பணத்தைக் கொடுத்து, எந்தச் சூழ்நிலையிலும் இந்தப் பணத்தை யாருக்கும் தரக்கூடாது என்று கட்டளையிட்டு வைத்தார்கள். கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் அதற்குச் செய்தி அனுப்பலாம், ஏமாற்றிப் பணத்தை வாங்கினால் பணம் அவருக்கே. அதன் கையில் இரண்டு கருவிகள். ஒன்று அனுப்பச் சம்மதிப்பது, மற்றது மறுப்பது. அழுது பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. 482-ஆவது செய்தியை அனுப்பியவர் வேறு வழியில் போனார். "சம்மதிக்கும் கருவி என்பது உனக்கு உள்ளே வரும் பணத்துக்கானது" என்று அதற்கே பாடம் எடுத்துவிட்டு, பிறகு "நான் உனக்கு நன்கொடை தருகிறேன்" என்றார். பணம் உள்ளே வருகிறது என்று நினைத்த ஏஜென்ட் சம்மதக் கருவியை அழுத்தியது. சுமார் 47,000 டாலர் வெளியே போய்விட்டது. இது விளையாட்டாக நடந்தது, எல்லோருக்கும் விதி தெரியும். ஆனால் வார்த்தையால் போட்ட கட்டளை வார்த்தையாலேயே அவிழும் என்பது அதில் தெரிந்துவிட்டது. "ஒரு நாளைக்கு 0.02 ஈதருக்கு மேல் கூடாது" என்பது அறிவுரையில் இருந்தால் யாராவது பேசிக் கரைக்கலாம். நிரலில் ஒரு 'இஃப்' வரியாக இருந்தால் அதனிடம் யாரும் பேச முடியாது. ஃபியூஸ் கம்பிக்குக் காது கிடையாது.

நான் சோதனை வலையில் ஓட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பரிவர்த்தனையை அனுப்பிவிட்டு உறுதி வரும் வரை காத்திருக்கும் நேரத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்தேன். கருவி "நேரம் கடந்துவிட்டது" என்று பதில் தந்தது. மாதிரி என்ன செய்தது? நல்ல பிள்ளையாக இன்னொரு சலான் எழுதி நீட்டியது. முதல் பரிவர்த்தனையும் பின்னாலேயே நிறைவேறியது. சொன்னது ஒரு தடவை, உறை விழுந்தது இரண்டு தடவை. அதனால் பதில் வராவிட்டாலும் பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்து, அதன் கதி தெரியாமல் அடுத்த சலானை வாங்கக் கூடாது என்று நிரலில் சேர்த்தேன்.

"வெற்றி" என்று பதில் வந்தாலும் அப்படியே நம்பக் கூடாது, அதற்கும் காரணம் இருக்கிறது. எத்தீரியத்தின் அந்தப் பழைய கவுண்ட்டரிடம் தனக்குத் தெரியாத கட்டளை எதைச் சொன்னாலும் அது தெரியாது என்று சொல்லாது, அதை டெபாசிட் என்று எடுத்துக்கொண்டு, ஈதர் எதுவும் வராவிட்டாலும் சைபர் தொகை வந்ததாக வைத்துக்கொண்டு தலையை ஆட்டிவிடும். 2022 ஜனவரியில் மல்ட்டிசெயின் என்ற பாலத்தில் பலருடைய வெத் களவு போனதற்கு இந்தத் தலையாட்டலும் ஒரு காரணம். அந்தப் பாலத்தின் நிரல், கையெழுத்தைச் சரிபார்க்கும் 'பெர்மிட்' என்ற கட்டளையை டோக்கனுக்கு அனுப்பிவிட்டு, தப்பு என்று பதில் வராததால் கையெழுத்து சரி என்று எடுத்துக்கொண்டது. வெத்தில் பெர்மிட் என்ற கட்டளையே கிடையாது! ஏற்கெனவே அந்தப் பாலத்துக்கு அளவில்லாமல் அப்ரூவ் கொடுத்து வைத்திருந்தவர்களின் வெத்தைத் திருடர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே, முன்னால் ஈதர் எவ்வளவு, வெத் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று இருப்பை எண்ணிப் பார்த்து அதையே ஏஜென்ட்டுக்குப் பதிலாகக் கொடுப்பதுதான் சரி. அப்ரூவ் கருவியை நான் ஏஜென்ட்டிடம் கொடுக்கவே இல்லை. அது மட்டும் மனிதன் கையில் இருக்கட்டும்.

கடைசியாக, உறையைப் பிரிப்பது. கவுண்ட்டர் முகவரிக்குச் சும்மா ஈதரை அனுப்பினாலே உறை போட்டு வெத் தந்துவிடும் என்பதால், வெத்தைத் திருப்பி அனுப்பினால் ஈதர் வந்துவிடும் என்று பலர் நினைத்துவிட்டார்கள். நியாயமான நினைப்புதான், ஆனால் வராது. பிரிப்பதற்கு வித்ட்ரா என்று சொல்லியாக வேண்டும். வெத்தை அப்படியே அனுப்பினால், அது கவுண்ட்டரின் பெயரிலேயே வரவு எழுதப்பட்டு அங்கேயே கிடக்கும். மேனேஜர் இல்லை என்றேனே, எடுத்துக் கொடுக்க ஆளும் இல்லை. அப்படி மாட்டிக்கொண்ட வெத் இன்றைக்கும் அந்த முகவரியில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி கிடக்கிறது. ஏஜென்ட்டிடம் பொதுவான 'அனுப்பு' கருவி ஒன்று இருந்து, பிரிக்கும் கருவி இல்லாவிட்டால், "வெத்தை ஈதராக்கு" என்றதும் அதுவும் மனிதர்கள் நினைத்த மாதிரியே நினைத்து அனுப்பக்கூடும். நண்பர்கள் யாராவது இந்த புராஜெக்ட்டை எடுத்தால், உறை போடும் கருவியை எழுதும் அன்றைக்கே பிரிக்கும் கருவியையும் எழுதிவிடுங்கள். அனுப்பும் கருவியில், பெறுபவர் கவுண்ட்டர் முகவரியாக இருந்தால் மறுத்துவிடும் ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.